முகத்தில் ஆறாத சிவப்புத் தடிப்பு: கையடக்க டெர்மோஸ்கோப் திருகோணமலையில் எவ்வளவு உதவும்?

டெர்மோஸ்கோப் என்பது தோலை வெளிச்சம் போட்டுப் பெருக்கிக் காட்டும் கருவி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் நோயின் பெயரை அது சொல்லித்தரும் என்று நம்பி வாங்க வேண்டாம். எதை ஒதுக்கலாம், பயொப்சி (சோதனைக்குத் தோல் துண்டு) எடுப்பதென்றால் எந்த இடத்தில் எடுக்கலாம் என்ற இரண்டையும் அது தெளிவாகச் சொல்லும். கொழும்புக்கோ கண்டிக்கோ ஒரு நோயாளியை அனுப்புவது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் சேர்ந்த விஷயமாக இருக்கும் மாவட்டத்தில் அந்த இரண்டுமே பெரிய உதவி.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது, பத்து மடங்கு பெருக்கும், முனைவாக்கிய வெளிச்சம் (மேற்பரப்புப் பளபளப்பை அடக்கும் போலரைஸ்டு ஒளி) தரும், போனில் பூட்டக்கூடிய கையடக்க டெர்மோஸ்கோப் வகை. அமெரிக்காவின் டெர்ம்லைட், ஜெர்மனியின் ஹைனே இரண்டும் இந்த வகையில் பரவலாக அறியப்பட்ட பெயர்கள். மச்சம், தோல் புற்றுநோய் பார்க்கத்தான் இந்தக் கருவி புகழ் பெற்றது. அந்தப் பக்கத்தை இங்கே விட்டுவிடுகிறோம். முகத்தில் வரும் அரிய அழற்சி நோய்களில் இது எவ்வளவு கைகொடுக்கும் என்பதே கேள்வி. அதற்கு உரைகல்லாக ஒரு நோயை எடுத்துக்கொள்ளலாம்: கிரானுலோமா ஃபேசியாலே.

1945 இல் விக்லி முதலில் விவரித்த இந்த நோய்க்கு இன்றைய பெயர் 1952 இல் பிங்கஸ் வைத்தது. நடுவயது ஆண்களில் கூடுதலாகத் தெரியும். மூக்கு, கன்னம், நெற்றி ஆகிய இடங்களில் செம்பழுப்பாக, சில வேளை ஊதா கலந்து, மிருதுவான தடிப்பாக எழும். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். வலி இல்லை, கடி அதிகம் இல்லை, புண்ணாக உடைவதும் வழமையில் இல்லை. மேற்பரப்பில் மயிர்க்கண்கள் விரிந்து தோடம்பழத் தோல் போலிருக்கும். வெயில் பட்டால் நிறம் கூடும். ஆபத்தில்லாத நோய், ஆனால் பிடிவாதம் பிடித்தது. மருந்தை நிறுத்தினால் திரும்பி வருவதும் உண்டு.

வெளிப்பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் மற்ற நோய்கள் ஆபத்தில்லாதவை அல்ல என்பதில்தான் சிக்கல். கிழக்கில் முகத்தில் செம்பழுப்புத் தடிப்பைக் கண்டால் முதலில் நினைக்க வேண்டியது தொழுநோய். அடுத்தது தோல் லெய்ஷ்மேனியாசிஸ். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1992 இல் வந்தது. இன்று நமக்கு அடுத்த மாவட்டங்களான அனுராதபுரத்திலும் பொலநறுவையிலும் அது பழகிய நோய். காரணக் கிருமி லெய்ஷ்மேனியா டொனொவானி, பரப்புவது மணல் ஈ. இந்தியாவில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும் அதே இனக் கிருமி இங்கே பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. கந்தளாய்ப் பக்கமோ சேருவிலப் பக்கமோ காட்டோரமாக வேலை செய்பவர் முகத்தில் தடிப்போடு வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. இவற்றோடு டிஸ்கொயிட் லூப்பஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தோலையே தாக்கும் நோய்), தோல் காசநோய், சார்கொயிட் (சிறு அழற்சி மணிகள் திரளும் நோய்), முகத்துப் படர்தாமரை, ரொசேசியா (முகம் நாட்பட்டுச் சிவக்கும் நோய்), அடித்தளக் கலப் புற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாமசியில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் பூசிய ஸ்டெரொயிட் கிறீமின் கைவரிசை.

வில்லை வழியே கிரானுலோமா ஃபேசியாலே இப்படித் தெரியும். விரிந்த மயிர்க்கண்கள், ஒவ்வொன்றையும் சுற்றி வெண்மையான வளையம். சிலவற்றின் வாயில் மஞ்சள் பழுப்பான கெரட்டின் (தோலின் கடினப் புரதம்) அடைப்பு. இடையிடையே கிளைவிட்டு ஓடும் நீண்ட இரத்த நுண்குழாய்கள். பழுப்புப் புள்ளிகளும் பழுப்புப் படலமும், அங்கங்கே வெண்கீறல்கள். இவற்றில் எதுவும் தனியாக நோயைத் தீர்மானிக்காது. நான்கைந்து சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். சேர்ந்து வந்தாலும் முடிவு பயொப்சித் துண்டைப் பார்க்கும் நுண்காட்டியின் கையில்.

பாடப்புத்தகப் படங்களோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. தோல் நிறத்தை 1 (மிக வெளிர்) முதல் 6 (மிகக் கறுப்பு) வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் நம்மவர் தோல் 4 முதல் 6 வரை. செம்மை இங்கே செம்மையாகத் தெரியாது, பழுப்பாகவோ சாம்பல் ஊதாவாகவோ தெரியும். நுண்குழாய்கள் தோலின் நிறமியான மெலனினுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். அதற்குப் பதிலாக வெண்வளையங்கள் கறுத்த பின்னணியில் பளிச்சென்று எடுத்துக்காட்டும். ஆகவே இங்கே குழாயைத் தேடிக் கண்ணை வருத்துவதை விட மயிர்க்கண்ணைப் படிப்பது பலன் தரும். இந்தக் கருவிக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதும் இதனால்தான். மயிர்க்கண் விஷயத்தில் வெறுங்கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

பார்க்கும் முறையில்தான் பாதி வெற்றி. முதல் வேலை முகத்தைத் துடைப்பது. கேட்கச் சிறிய விஷயம், கெடுப்பதோ முழுப் படத்தையும். விபூதி, சந்தனம், குங்குமம், முகப் பவுடர், வெயில் கிறீம் எல்லாம் மயிர்க்கண்ணுக்குள் இறங்கி உட்காரும். பத்து மடங்கில் விபூதித் துகள் வெள்ளைக் கெரட்டின் அடைப்பைப் போலவே இருக்கும். நெற்றித் தடிப்பு ஒன்றை டிஸ்கொயிட் லூப்பஸ் என்று எழுதிவைக்க அதுவே போதும். வித்தியாசம் காண வழி: பவுடர் தோலின் கோடுகளிலும் படிந்திருக்கும், மயிர் மேலும் ஒட்டியிருக்கும். உண்மையான அடைப்பு மயிர்க்கண்ணுக்குள் மட்டும் இருக்கும், ஈரத் துணிக்கு அசையாது. தண்ணீரில் நனைத்த கோஸால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தோல் சிவந்து, இல்லாத குழாய்களைக் காட்டும். துடைத்தபின் பத்து நிமிடமாவது இருத்திவைத்துப் பார்ப்பது நல்லது. கச்சான் அடிக்கும் மாதங்களில் வெயிலில் நடந்து வந்தவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கலாம்.

பிறகு ஒரே இடத்தில் மூன்று படங்கள், இதே வரிசையில். முதலாவது, முனைவாக்கிய வெளிச்சத்தில் தோலைத் தொடாமல். இதில்தான் நுண்குழாய்கள் உள்ளபடி தெரியும். கண்ணாடித் தகட்டை அழுத்திய கணமே குழாய்க்குள் இருக்கும் இரத்தம் வெளியேறிவிடும், குழாயும் மறைந்துவிடும். புதிதாகப் பழகுவோர் “குழாய் எதுவும் இல்லை” என்று எழுதுவதற்குப் பெரும்பாலும் கைப்பாரமே காரணம். இரண்டாவது, பயறளவு அல்ட்ராசவுண்ட் ஜெல் வைத்து, தகடு ஜெல்லை மட்டும் தொடும்படி. செதில் படிந்த மேற்பரப்பு தெளிந்து, உள்நிறம் எழும். கண்ணுக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்: எரியும், ஆவியாகி நடுவில் குமிழும் விடும். ஜெல்லையும் குமிழில்லாமல் பிதுக்க வேண்டும், ஒரு குமிழ் ஒரு மயிர்க்கண்ணையே விழுங்கிவிடும். மூன்றாவது, அதே தகட்டால் நன்றாக அழுத்தி. இரத்தச் சிவப்பு முழுவதும் வடிந்தபின் மஞ்சள் கலந்த செம்மஞ்சள் நிறம் திட்டாக எஞ்சி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் தோல் காசநோய், சார்கொயிட், லெய்ஷ்மேனியாசிஸ், தொழுநோய் ஆகிய சிறுமணிக்கட்டி நோய்களின் பக்கம் யோசனையைத் திருப்பலாம். கண்ணாடித் துண்டை அழுத்திப் பார்க்கும் பழைய முறைதான் இது. ஒரே கருவியில், அளவுகோலோடு, படமாகக் கிடைப்பது இலாபம்.

முனைவாக்காத வெளிச்சத்தை இதற்கிடையே ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். அது மேற்பரப்பைச் சொல்லும்: அடைப்பு, செதில், கொம்புத்தன்மை. முனைவாக்கிய வெளிச்சம் அதற்குக் கீழே போகும். வெண்கீறல்களும், நான்கு புள்ளி சேர்ந்து மயிர்க்கண்ணில் மின்னும் வெண்ரோசாக்களும் முனைவாக்கிய வெளிச்சத்தில் மட்டுமே தெரியும். அந்த ரோசா ஒளியின் விளையாட்டு, தோலின் உறுப்பு அல்ல. சூரியக் கெரட்டோசிஸிலும் (வெயிலால் வரும் சொரசொரப்புத் திட்டு) லூப்பஸிலும் மற்ற பலவற்றிலும் வரும். அதை வைத்து நோய் தீர்மானிக்கக் கூடாது.

மூக்கு மடலும் கண் ஓரமும் இந்த வகைக் கருவியின் பலவீனமான இடங்கள். தட்டையான அகலத் தகடு மடலின் வளைவில் உட்காராது, ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் காற்று நிற்கும். சிறிய முனை தனியாகக் கிடைக்கும் மாதிரியென்றால் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடங்களைத் தொடாமல் எடுத்த படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கிரானுலோமா ஃபேசியாலே மூக்கை விரும்பும் நோய் என்பதால் இது உப்புச்சப்பில்லாத குறை அல்ல.

போன் பக்கம் சுருக்கமாக. குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று படமும் மூன்று நிறம். அழகூட்டும் வசதி, தானியங்கித் திருத்தம் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சில போன்கள் மயிர்க்கண்ணையே அழித்து முகத்தை வழவழப்பாக்கிக் கொடுக்கும்! நெருக்கப் படத்துக்கு முன், அளவுகோல் வைத்து முழுக் கன்னமும் தெரியும் ஒரு படம் கட்டாயம். நெருக்கப் படம் மட்டும் அனுப்பினால் மறுமுனையில் இருக்கும் நிபுணருக்கு அது மூக்கா நாடியா என்றே தெரியாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்ப வேண்டும். முகப் படம் என்பதால் எழுத்தில் சம்மதம், கோப்பின் பெயரில் நோயாளியின் பெயர் இல்லாமை, எடுத்த போனின் பொதுக் கலரியில் தங்காமை, இந்த மூன்றும் பேச்சுக்கு இடமில்லாதவை.

ஒத்த தோற்றமுள்ள நோய்களைப் பிரிப்பதில் கருவி எங்கே நன்றாகச் செய்கிறது, எங்கே கைவிரிக்கிறது? அடித்தளக் கலப் புற்றில் பெரும்பாலும் ஏமாற்றாது. மரக்கிளை போல் கூர்மையாகப் பிரியும் தடித்த குழாய்களும் நீலச் சாம்பல் முட்டை வடிவத் திட்டுகளும் நம் தோலிலும் தெளிவு. ரொசேசியாவில் குழாய்கள் பலகோண வலையாகப் பின்னியிருக்கும், தடிப்புத் திட்டு இருக்காது. டெமோடெக்ஸ் உண்ணி பெருகியிருந்தால் மயிர்க்கண்ணிலிருந்து வெள்ளை நூல் போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெரொயிட் பூசிய முகத்தில் இதை அடிக்கடி எதிர்பார்க்கலாம். லெய்ஷ்மேனியாசிஸில் மயிர்க்கண் அடைப்புகள் மஞ்சள் கண்ணீர்த் துளி வடிவில் வரும். நடுவில் பொருக்கு, அதிலிருந்து ஆரமாக வெளியே ஓடும் வெண்கோடுகள். தொழுநோய்த் திட்டில் பூனைமயிர் குறையும், வியர்வைத் துளைகளின் வெண்புள்ளிகளும் குறையும். இரு பக்கக் கன்னத்தையும் ஒப்பிட்டால்தான் இது பிடிபடும்.

கைவிரிப்பது டிஸ்கொயிட் லூப்பஸில். அங்கும் விரிந்த மயிர்க்கண், அங்கும் அடைப்பு, அங்கும் வெண்வளையம். நோய் முற்றினால் அமைப்பில்லாத வெண் தழும்புத் திட்டும் மயிர்க்கண் அழிவும் வந்து பிரித்துக் காட்டும். ஆரம்பத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். இங்கே கருவியை நம்பிப் பெயர் எழுதுவது தவறு. காது மடலையும் உச்சந்தலையையும் பார்த்துவிட்டுப் பயொப்சிக்குப் போக வேண்டும்.

தொழுநோய் விஷயத்திலும் டெர்மோஸ்கோப் கையில் இருப்பதால் பஞ்சையும் ஊசியையும் மறந்துவிடக் கூடாது. முகத்துக்கு நரம்பு வளம் அதிகம், உணர்வு இழப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். சூடு குளிர் பேதம் கேட்பது, கழுத்தின் பக்கமாகக் காதுக்கு ஏறும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, தோல் கீறல் எடுத்துச் சாயமிட்டுப் பார்ப்பது எல்லாம் வழக்கம்போல் நடக்க வேண்டும். செதில் இருந்தால் பயொப்சிக்கு முன் சுரண்டி, 10 வீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் பூஞ்சை பார்ப்பது செலவில்லாத வேலை. படர்தாமரைக்கு முகத்தில் கத்தி வைத்த பழி வேண்டாமே.

பயொப்சி என்று முடிவானால் படங்களைப் பார்த்தே இடத்தைக் குறிக்கலாம். மயிர்க்கண்ணும் குழாயும் தெளிவாக உள்ள, பொருக்கோ தழும்போ இல்லாத உயிருள்ள தடிப்பு. 3 அல்லது 4 மில்லிமீற்றர் பஞ்ச் (வட்டமாகத் துண்டு எடுக்கும் கத்தி), உட்தோல் முழுவதும் வரும்படி ஆழமாக. மேலோட்டமாகச் சீவினால் இந்த நோயின் கையெழுத்தே விடுபடும். மேற்தோலுக்குக் கீழே ஒரு மெல்லிய வெற்றுப்பட்டை, அதை நோயியலாளர் கிரென்ஸ் வலயம் என்பார். அதற்குக் கீழே ஈசினோபில், நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களும் மற்றக் கலங்களும் அடர்ந்த கூட்டம், சிறு இரத்தக்குழாய்ச் சுவர்களில் அழற்சி. மயிர்க்கண்களைச் சுற்றியும் அதே வெற்றுப்பட்டை தெரியும். துண்டின் அளவைப் போல் பத்து மடங்கு 10 வீதப் போர்மலினில் போட வேண்டும். லெய்ஷ்மேனியாசிஸ் சந்தேகம் இருந்தால் போர்மலினில் போடாத தனித் துண்டோ கீறலோ வேறாகப் போக வேண்டும். போர்மலின் பட்டதில் கிருமி வளர்க்க முடியாது. ஸ்டெரொயிட் பூசிக்கொண்டிருந்தவர் என்றால், இயலுமானால் சில வாரம் நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. விண்ணப்பத் தாளில் “முகத்தில் தடிப்பு” என்று மட்டும் எழுதி அனுப்பினால் திரும்பி வருவதும் “நாட்பட்ட அழற்சி” என்று மட்டும்தான் இருக்கும். டெர்மோஸ்கோப் படத்தை அச்சிட்டு இணைத்து, சந்தேக நோய்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

உறுதியானால் 0.1 வீத டாக்ரோலிமஸ் களிம்பு, தடிப்புக்குள் டிரையம்சினொலோன் ஊசி, திரவ நைதரசனில் உறைவித்தல், டாப்சோன், லேசர் என்று வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பது தோல் வைத்திய நிபுணரின் முடிவு. உறைவித்தல் நம் நிறத் தோலில் வெள்ளைத் தழும்பை விடலாம் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய படத்தைத் திரையில் வைத்து, அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரத்தில் எடுத்தால் சிகிச்சையின் பலனை ஒப்பிடலாம். கருவி சத்தமில்லாமல் நன்றாகச் செய்யும் வேலை இது.

சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் யூஎஸ்பி நுண்காட்டிகளை இதற்குப் பதிலாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். “ஆயிரம் மடங்கு” என்ற விளம்பரத்துக்கு அர்த்தமே இல்லை. முனைவாக்கம் பெரும்பாலானவற்றில் இல்லை. வில்லையைச் சுற்றியிருக்கும் எல்ஈடி விளக்குகள் எண்ணெய்ப் பசையான முகத்தில் ஒவ்வொரு மயிர்க்கண்ணின் விளிம்பிலும் வளையமாகப் பிரதிபலிக்கும். பார்ப்பவர் அதை வெண்வளையம் என்று எண்ணிவிடுவார். தேடும் அடையாளத்தையே கருவி பொய்யாகத் தயாரித்துக் கொடுத்தால் அது இல்லாமலே இருப்பது மேல்.

படத்தைப் போட்டால் நோய் சொல்லும் செயலிகளும் அப்படித்தான். இந்தத் துறையில் செயலிகளைப் பயிற்ற மிகப் பரவலாகப் பயன்படும் ஹாம்10000 என்ற டெர்மோஸ்கோப் படத் தொகுப்பில் 10,015 படங்கள், 7 வகைகள்: மெலனோமா, மச்சம், அடித்தளக் கலப் புற்று என்று நிறமிக் கட்டிகளும் அவற்றைச் சேர்ந்தவையும். தொழுநோய் அதில் இல்லை, லெய்ஷ்மேனியாசிஸ் இல்லை, கிரானுலோமா ஃபேசியாலே இல்லை. அதில் மட்டும் பயிற்றிய செயலி கன்னத்துத் தடிப்பைக் கண்டால் அந்த ஏழில் ஒன்றைத்தான் சொல்லும், அதையும் தயங்காமல் சொல்லும்.

இதைவிடப் பெரிய கருவிகளும் உண்டு. கன்ஃபோகல் நுண்காட்டி 200 முதல் 250 மைக்ரோன் ஆழம் வரை கலம் கலமாகக் காட்டும். அதிர்வெண் கூடிய அல்ட்ராசவுண்ட் தடிப்பின் ஆழத்தை அளக்கும். விலையையும் பராமரிப்பையும் பார்த்தால் மாவட்ட மட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேசுவது நேர விரயம்.

கடற்கரை ஊரில் கருவியின் முதல் எதிரி வாடைக்கால ஈரப்பதன். ஏசி அறையிலிருந்து கிளினிக் மண்டபத்துக்குக் கொண்டுவந்தவுடன் வில்லை பனிக்கும். துடைத்துத் துடைத்துக் கீறல் போடாமல் சில நிமிடம் விட்டால் தானாகத் தெளியும். இரவில் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும், இல்லையென்றால் வில்லைக்குள் பூஞ்சை நூல் ஓடும். ஜெல்லின் நிறம் மாறியதும் பையை மாற்ற வேண்டும். தகட்டை நோயாளிக்கு நோயாளி 70 வீத ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைக்கலாம். கருவியை எதிலும் முக்கக் கூடாது. புண் உள்ள முகமென்றால் தகட்டின் மேல் கிளிங் ஃபிலிம் இழுத்துக் கட்டி, பார்த்து முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். சுருக்கம் விழாமல் இழுக்காவிட்டால் அந்தச் சுருக்கமே வெண்கீறலாகத் தெரியும்.

கிளினிக்குக்கு வருபவருக்கு இரண்டே சொல். அன்று முகத்தில் எதுவும் பூசாமல் வாருங்கள், கோயிலுக்குப் போவதென்றால் திரும்பும்போது போங்கள். பூசிய எல்லாக் கிறீம்களையும், பெயரில்லாத வெள்ளை டப்பா உட்பட, கையோடு எடுத்து வாருங்கள்.

வாங்குமுன் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு எவர்சில்வர் கரண்டியைத் தகட்டின் கீழ் வைத்து முனைவாக்கத்தை மாற்றிப் பாருங்கள், பளபளப்பு மங்கி அணைய வேண்டும். சொந்த மூக்கு நுனியிலும் அதே சோதனை. தகட்டில் மில்லிமீற்றர் கோடு பொறித்திருக்க வேண்டும். உங்கள் போனுக்கான இணைப்பு வளையம் பெட்டியில் உண்டா, தனி விலையா என்று கேளுங்கள். போன் மாறும்போது வளையமும் மாற வேண்டிவரும். மீள்மின்னேற்றும் பற்றரி ஒரு கிளினிக் நாள் முழுவதும் தாங்குமா என்பதையும், உதிரித் தகடு இலங்கையில் கிடைக்குமா என்பதையும் பற்றுச்சீட்டு எழுதுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் முதலில் உடைவது அந்தத் தகடுதான்.